பீடச் சபைக்கு விண்ணப்பம் கொடுப்பது எப்படி: கொழும்புக்குப் படிக்க வந்தவர்களுக்கு

வருத்தத்தால் சோதனைக்குப் போக முடியாமல் போனால், ஒரு செமஸ்டரை நிறுத்தி வைக்க வேண்டி வந்தால், ஆராய்ச்சித் தலைப்பையோ மேற்பார்வையாளரையோ மாற்ற வேண்டியிருந்தால் டீன் ஒபிஸில் (பீடாதிபதியின் அலுவலகத்தில்) சொல்லும் பதில் ஒன்றுதான்: "பீடச் சபையில் போட வேண்டும்." பீடத்தின் கல்வி விடயங்களைப் பார்க்கும் அந்தச் சபை (பெக்கல்டி போர்ட்) எப்போது கூடும், கடிதம் யாருக்கு, யார் ஊடாக, எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டால் அடுத்த கவுண்டரைக் காட்டுவார்கள். நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டது அந்தக் கவுண்டர்களில் நின்று நின்றுதான். கைநூலில் விதி இருக்கும், பைல் எப்படி நகர்கிறது என்பது இருக்காது. மட்டக்களப்பு, மன்னார், அட்டன் பக்கமிருந்து வந்து, மேல் வருட பச்சில் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் நிற்பவர்களை நினைத்து எழுதுகிறேன்.

படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்திருங்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், உங்கள் கடிதம் மட்டும்தான் இருக்கும். நிகழ்ச்சி நிரலில் ஏராளமான விடயங்களுக்கு நடுவில் அதற்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிய விடயம். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கான ஆயத்தம்.

1. இது பீடச் சபைக்குப் போக வேண்டிய விடயம்தானா?

முதலில் இதைப் பாருங்கள், பாதிப் பேரின் அலைச்சல் இங்கேயே முடிந்துவிடும். வகுப்புத் தேர்வு ஒன்றைத் தவறவிட்டால் அந்த விரிவுரையாளரோடும் துறைத் தலைவரோடும் பேசினால் பொதுவாகப் போதும். விடுதி, மஹாபொல புலமைப்பரிசில், பேசரி உதவித்தொகை எல்லாம் மாணவர் நலன் பக்கம். விடைத்தாள் மீளாய்வுக்குப் பரீட்சைப் பிரிவில் தனிப் படிவம், தனிக் கட்டணம், தனி இறுதித் திகதி. செமஸ்டர் தொடங்கிய முதல் கிழமைகளுக்குள் பாடம் மாற்றுவதென்றால் படிவத்தோடு முடிந்துவிடும், அந்தக் காலம் தாண்டினால்தான் சபை.

சபைக்குக் கட்டாயம் போகிறவை என்று பார்த்தால்: சோதனைக்கு வராததற்கான மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்), படிப்பை இடைநிறுத்தல், வரவு குறைந்ததற்கான மன்னிப்பு, வேறிடத்தில் படித்த பாடங்களுக்குக் கிரெடிட் கேட்பது, பட்டப்பின் மாணவர் என்றால் தலைப்பு மாற்றம், மேற்பார்வையாளர் மாற்றம், கால நீடிப்பு, பரீட்சகர் நியமனம்.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி இந்தச் சபையில் பீடாதிபதி, பீடத்தின் நிரந்தரப் பேராசிரியர்கள், சிரேஷ்ட விரிவுரையாளர்கள், விரிவுரையாளர்கள் எல்லோரும் இருப்பார்கள். கனிஷ்ட கற்பித்தல் பணியாளரிலிருந்து தெரிவான 2 பேர், மாணவர் தெரிவுசெய்த 2 மாணவர்கள், வெளியிலிருந்து சபையே தெரிவுசெய்யும் 3 துறைசார் பிரமுகர்கள் என்று இன்னும் கொஞ்சப் பேர். பீடாதிபதியை 3 வருடத்துக்குத் தெரிவுசெய்வதும் இந்தச் சபைதான், அதனால் பீடாதிபதி தனியாக நினைத்து ஒரு முடிவைத் தந்துவிடுவார் என்று அவர் அறைக்கு முன்னால் காத்திருப்பதில் பெரிய பயன் இல்லை. இன்னொன்று, பீடச் சபையின் முடிவு பல விடயங்களில் பரிந்துரை மட்டுமே. கற்பித்தல், பரீட்சை, ஆராய்ச்சி எல்லாவற்றிலும் மேலே மூதவை இருக்கிறது, பேச்சில் செனற். பணம், நியமனம், நிருவாகம் என்றால் அதற்கும் மேலே பேரவை.

ஒரு பொறி: எல்லா இடத்திலும் பீடச் சபை இல்லை. பல்கலைக்கழகங்களோடு இணைந்த நிறுவனங்களுக்கு முகாமைத்துவச் சபை இருக்கும். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் எல்லாம் அந்த வகை. நண்பனின் பீடத்தில் எடுத்த மாதிரிக் கடிதத்தை அப்படியே கொப்பி பண்ணிக் கொடுத்தால், விலாசத்திலேயே பிழைத்துவிடும்.

2. திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பீடச் சபை வழமையாக மாதம் ஒருமுறை கூடும். கூடும் நாளை டீன் ஒபிஸில் கேட்டால் சொல்வார்கள், ஆனால் உங்களுக்குத் தேவை அந்தத் திகதி இல்லை. நிகழ்ச்சி நிரல் மூடும் திகதியைக் கேளுங்கள். சில பீடங்களில் கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னர் மூடுவார்கள், சில இடங்களில் பத்து நாள். அதற்கு முன்னரே மெடிக்கல் என்றால் மெடிக்கல் குழு, ஆராய்ச்சி என்றால் உயர்பட்டக் குழு பார்த்து முடித்திருக்க வேண்டும், அவையும் பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான். சபை பரிந்துரைத்த பிறகு மூதவை, அது அந்த மாதமே வரலாம், அடுத்த மாதமும் வரலாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத்தின் மூன்றாம் புதன் சபை என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் புதனுக்கு முன் கடிதம் துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒபிஸில் இருக்க வேண்டும், துறைத் தலைவர் வெளிநாட்டு மாநாட்டில் இருந்தால் அதற்கு இன்னும் முன்னர். ஒரு நாள் பிந்தினால் ஒரு நாள் பிந்துவதில்லை, ஒரு மாதம் பிந்தும். எல்லாம் சரியாக ஓடினாலே கடிதம் கொடுத்ததிலிருந்து மூதவை முடிவு கைக்கு வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் போயா நாட்கள், ஏப்ரல் புதுவருடம், வெசாக், டிசம்பர் கடைசி எல்லாம் வந்து நிற்கும். கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் வந்தால் கதை வேறு, 2024 மே மாதம் தொடங்கியது இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டது. அப்படி ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டால், கடிதத்தை அதற்கு முன் உள்ளே போட்டுவிடுங்கள்.

அவசரம் உண்மையிலேயே அவசரமென்றால், உதாரணமாக உங்களுடைய ஆய்வேட்டின் பரீட்சகரை உடனே நியமிக்க வேண்டுமென்றால், பீடாதிபதி முதலில் அனுமதித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் கவரிங் அப்ரூவல் எடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் கேட்கக் கூடாது, துறைத் தலைவர் கேட்க வேண்டும்.

3. ஆவணங்கள்

மெடிக்கல்தான் அதிகம் பிழைக்கும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோதனை நாளன்று காய்ச்சலோடு கிடக்கிறீர்கள் என்றால், குணமான பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களின் பரீட்சை விதியில், வர முடியாததை உடனே அறிவிக்க வேண்டும், 48 மணித்தியாலத்துக்குள் ஆதாரத்தோடு பதிவுத் தபாலில் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. அறிவிப்பதை நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை, உங்கள் சார்பில் அறைத் தோழர் செய்யலாம். அன்று காலையே துறைக்கும் பரீட்சைப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல், பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. வாட்ஸ்அப்பில் விரிவுரையாளருக்கு "சேர், சுகமில்லை" என்று போடுவது அறிவித்தலாகக் கணக்கில் வராது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அடுத்தது யார் தந்த மெடிக்கல் என்பது. அரச ஆஸ்பத்திரியிலிருந்தோ பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடமிருந்தோ எடுத்தது பாதுகாப்பானது. வெள்ளவத்தையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் எடுத்தீர்கள் என்றால் அதைப் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி பார்த்து உறுதிப்படுத்த வேண்டும், சில பீடங்களில் அதையும் ஏற்கமாட்டார்கள். ஊருக்குப் போய் அங்கே வருத்தம் வந்தால் ஊர் ஆஸ்பத்திரி மெடிக்கலே போதும், ஆனால் நோய் நிர்ணய அட்டை, மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். "காய்ச்சல், 5 நாள் ஓய்வு" என்ற ஒற்றை வரிக் காகிதத்தை விட டெங்கு பரிசோதனை அறிக்கை ஒன்று பேசும்.

திகதிகளைப் பாருங்கள். ஓய்வு கொடுத்த நாட்கள் சோதனை நாளை உள்ளடக்க வேண்டும். இரண்டு பாடங்களுக்குப் போகவில்லை, மெடிக்கலோ ஒன்றை மட்டும் மூடுகிறது என்றால் மற்றது கணக்கில் வராது. சோதனைக்குப் போய் இருந்து எழுதிவிட்டு, சரியாகச் செய்யவில்லை என்று பிறகு மெடிக்கல் போடுவதைப் பொதுவாக ஏற்பதில்லை.

ஏன் இவ்வளவு கவனம்? மெடிக்கல் ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகக் கணக்கிடப்படும். ஏற்கப்படாவிட்டால் ரிப்பீட், பெரும்பாலான பீடங்களில் ரிப்பீட்டுக்கு எவ்வளவு எழுதினாலும் சி தரத்துக்கு மேல் போகாது, ஜி.பி.ஏ. (சராசரிப் புள்ளி) அடிபடும், கிளாஸ் (பட்டத்தின் வகுப்புச் சித்தி) போகும்.

குடும்பத்தில் மரணம் என்றால் மரணச் சான்றிதழ், உறவைக் காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழ். பணக் கஷ்டத்தால் இடைநிறுத்தம் கேட்டால் கிராம உத்தியோகத்தரின் கடிதம், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். வேலைக்குப் போக இடைநிறுத்தம் கேட்பது என்றால், உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காரணத்துக்குச் சபையில் இரக்கம் குறைவு.

மொழி. எங்கள் சான்றிதழ்கள் பெரும்பாலும் தமிழில் இருக்கும். தமிழ் அரச கரும மொழிதான், தமிழில் எழுத உங்களுக்கு உரிமையும் இருக்கிறது, ஆனால் கொழும்பில் பீடச் சபையின் காகிதங்கள் ஆங்கிலத்தில்தான் ஓடும், தமிழ்ச் சான்றிதழை மேசையில் வாசிக்க ஆள் இல்லையென்றால் "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு" என்று போய்விடும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து, மூலத்தின் பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள். புதுக்கடை நீதிமன்றப் பக்கமும் வெள்ளவத்தையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்! மாணவர் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டு, மொழிபெயர்ப்பில் இன்னொன்று என்றால் அது வேறு ஆள் என்று கேள்வி வரும். அப்பாவின் பெயர் முன்னுக்கு வருவதா பின்னுக்கு வருவதா என்பதில் எங்கள் பெயர்கள் சிங்கள ஊழியர்களைக் குழப்பிவிடுவதும் உண்டு, மாணவர் அடையாள அட்டையில் இருக்கும் ஒழுங்கையே எல்லா இடத்திலும் பாவியுங்கள்.

மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். மெடிக்கலுக்கு மட்டும் மூலம்தான் கேட்பார்கள். கொடுக்கும் முன் இரண்டு போட்டோக்கொப்பி, ஒரு ஸ்கேன்.

4. கடிதத்தை எழுதுதல்

ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் எவரும் வாசிக்கப் போவதில்லை.

மேலே உங்கள் பெயர், பதிவிலக்கம், பீடம், வருடம், கைபேசி இலக்கம். பெறுநர் பீடாதிபதி. அதற்குக் கீழே "ஊடாக: துறைத் தலைவர்", பட்டப்பின் மாணவர் என்றால் அதற்கும் முன்னால் மேற்பார்வையாளர். இந்த "ஊடாக" வரி இல்லாமல் கொடுத்த கடிதம் திரும்பி வரும். துணைவேந்தருக்கு நேரே எழுதினால் வேகமாக நடக்கும் என்று சிலர் சொல்வார்கள், அது மேலிருந்து பதிவாளர், பதிவாளரிலிருந்து பீடாதிபதி என்று இறங்கி நீங்கள் முதலிலேயே கொடுத்திருக்க வேண்டிய மேசைக்கு வந்து சேர சில கிழமைகள் எடுக்கும்.

முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று எழுதுங்கள். இப்படி: "இரண்டாம் வருடம் முதலாம் செமஸ்டரின் இன்ன பாடக் குறியீட்டுக்கான பரீட்சைக்கு இன்ன திகதியில் சுகவீனம் காரணமாகத் தோற்ற முடியவில்லை என்பதை ஏற்று, அடுத்த முறை முதல் தடவைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற அனுமதிக்குமாறு பீடச் சபையைக் கேட்டுக்கொள்கிறேன்." இதை ஆங்கிலத்தில் போடுங்கள். பாடக் குறியீடு முக்கியம், பாடத்தின் பெயர் மட்டும் எழுதினால் எந்தச் செமஸ்டர் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிப்பதுதான் மிகப் பெரிய பொறி, எடுக்க வேண்டிய முடிவு கடிதத்தில் இல்லையென்றால் சபை "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போகும், அதனால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது பந்தியில் நடந்தது, திகதிகளோடு, நாலைந்து வரி. மூன்றாவதில் இணைப்புகளின் பட்டியல், இலக்கமிட்டு. அழுது எழுதத் தேவையில்லை.

5. துறைத் தலைவரின் கையெழுத்து

துறைத் தலைவர் கடிதத்தின் அடியில் என்ன எழுதுகிறார் என்பதுதான் உண்மையில் தீர்மானிக்கும். வெறும் கையெழுத்தும் சீலும் இருந்தால் "அனுப்பி வைக்கிறேன்" என்று மட்டும் பொருள். "பரிந்துரைக்கிறேன்" என்று எழுதியிருந்தால் கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல அங்கே ஒருவர் இருப்பார். சந்திக்கப் போகும்போது கடிதமும் இணைப்புகளும் முழுமையாக இருக்கட்டும், துறைக் கிளார்க்கிடம் நேரம் கேட்டுப் போங்கள், பாடம் முடிந்து வரும் வழியில் மறித்துக் கேட்காதீர்கள். "சேர், பரிந்துரை என்று போட முடியுமா" என்று மரியாதையாகக் கேட்பதில் பிழையில்லை. போட மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரு காகிதம் குறைவாக இருக்கும்.

6. கையளித்த பிறகு

டீன் ஒபிஸில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "தேவையில்லை, நாங்கள் பார்க்கிறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நின்று வாங்குங்கள். எனக்கு ஒரு பீடத்தில் கடிதம் வரவே இல்லை என்று சொன்னபோது அந்த முத்திரைதான் காப்பாற்றியது. தபாலில் போட்டால் பதிவுத் தபால் பற்றுச்சீட்டு அதே வேலையைச் செய்யும்.

நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பது பீடத்தின் உதவிப் பதிவாளர், எல்லோரும் ஏ.ஆர். என்பார்கள், சில பீடங்களில் சிரேஷ்ட உதவிப் பதிவாளர். நிரல் மூடும் நாளுக்கு முந்தைய நாள் போய், "என்னுடைய விடயம் நிரலில் இருக்கிறதா" என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். கொஞ்சம் சிங்களம் தெரிந்தால் பாவியுங்கள், பிழையாகப் பேசினாலும் பரவாயில்லை, காரியம் நடக்கும்.

7. கூட்ட நாள்

நீங்கள் போக வேண்டியதில்லை, வெளியே நிற்கவும் வேண்டாம். மாணவர் பிரதிநிதிகளிடம் சொல்லி வைக்கலாமா என்று கேட்பார்கள். நூலக நேரம், கால அட்டவணை, தமிழ் மொழிமூல விரிவுரை இல்லாமை போன்ற பொதுப் பிரச்சினைகளுக்கு அவர்கள் நல்ல வழி, அவற்றை எழுத்தில் கொடுத்துப் பேச வையுங்கள். தனிப்பட்ட பரீட்சை விடயங்கள் எடுக்கப்படும்போது மாணவப் பிரதிநிதிகள் வெளியே போய்விடுவார்கள், ஆகவே மெடிக்கல் விடயத்தில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்த விரிவுரையாளர்களுக்கு முதல் நாள் இரவு போன் எடுப்பதைப் பற்றிச் சொல்வதென்றால், வேண்டாம்.

8. முடிவு

"பாஸாகிவிட்டது" என்று யாரோ சொன்னதை நம்பி அடுத்த செமஸ்டருக்குப் பதியாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தில் "மூதவையின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது" என்று இருந்தால் இன்னும் ஒரு படி இருக்கிறது, அதுவும் முடிந்ததா என்று அடுத்த மாதம் கேளுங்கள். கூட்டறிக்கை அடுத்த கூட்டத்தில்தான் உறுதிப்படுத்தப்படும் என்பதால் சில பீடங்கள் அதுவரை கடிதம் தராது, மற்ற இடங்களில் உடனே தருவார்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதே கடிதத்தைத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. புதிய ஆதாரம் ஒன்றோடு மேன்முறையீடு போட்டால் மீண்டும் நிரலில் வரும், அல்லது மூதவைக்கு எழுதலாம், அதுவும் பீடாதிபதி ஊடாகத்தான்.

பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்கு, உங்கள் விண்ணப்பம் பற்றிய சபைத் தீர்மானத்தின் பகுதியைக் கேட்டு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இரகசியமாக வைக்க வேண்டிய பரீட்சைத் தகவலைத் தர மறுக்க அவர்களுக்கு இடமிருக்கிறது, அதனால் மற்றவர்களின் புள்ளிகளையெல்லாம் கேட்காமல் உங்கள் விடயத்தை மட்டும் கேளுங்கள். இதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள், பிறகும் அதே கவுண்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

9. செலவு

இளமாணி மாணவர் பீடச் சபைக்குக் கடிதம் கொடுக்கக் கட்டணம் என்று ஒன்றும் இல்லை, யாராவது கேட்டால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். செலவு வருவது மொழிபெயர்ப்புக்கு (பக்கத்துக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள், அவசரமென்றால் கூடுதலாக எடுப்பார்கள், இரண்டு இடத்தில் விசாரியுங்கள்), பதிவுத் தபாலுக்கு, பிரதிகளுக்கு, பஸ்ஸுக்கு. ஊரிலிருந்து ஒரு சான்றிதழ் மறந்து வந்தால் இரவு பஸ்ஸுக்குப் போகும் காசு இவை எல்லாவற்றையும் விட அதிகம். வீட்டில் சொல்லிப் பதிவுத் தபாலில் எடுப்பியுங்கள்.

பட்டப்பின் மாணவருக்குக் கால நீடிப்பு என்றால் நீடிப்புக் கட்டணம், பதிவு புதுப்பிக்கும் கட்டணம் இரண்டும் வரும், சபை அங்கீகரித்த பிறகு கட்டினால் போதுமா, விண்ணப்பத்தோடு வங்கிப் பற்றுச்சீட்டு வேண்டுமா என்று முதலே கேளுங்கள். பதிவுக் காலம் முடிந்த பிறகு நீடிப்புக் கேட்பவர்கள் நிறைய, அப்போது தண்டக் கட்டணமும் சேரும். முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, மேற்பார்வையாளரின் முன்னேற்ற அறிக்கையோடு போடுங்கள்.

இடைநிறுத்தம் கேட்பவர்களுக்கு இன்னொன்று: அந்தக் காலத்துக்கு மஹாபொல தவணையும் விடுதி இடமும் என்ன ஆகும் என்பதைக் கடிதம் கொடுக்கும் முன்னரே மாணவர் நலன் பிரிவில் கேளுங்கள். பீடச் சபை அதைப் பார்ப்பதில்லை, அங்கீகாரக் கடிதம் கிடைத்த பிறகு அதன் பிரதியை அந்தப் பிரிவுக்கும் பரீட்சைப் பிரிவுக்கும் நூலகத்துக்கும் நீங்களேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் திகதி முத்திரையோடு.